பழைய வீட்டில் புது ஷவர்: டைல் ஒட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் நான் முதலில் போட்ட ஷவர் பதினான்கு மாதம் தாங்கியது. ஒரு மத்தியானம், யாரும் குளிக்காத நேரத்தில், ஆறு டைல்கள் சேர்ந்தாற்போல் சுவரை விட்டு இறங்கித் தரையில் விழுந்தன. ஒன்றை எடுத்து முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து சிமெண்டு உருண்டைகள், அதிரசம் தட்டி வைத்ததுபோல ஒட்டியிருந்தன. மற்ற இடமெல்லாம் காலி. அந்தக் காலி இடத்தில் தேங்கிய தண்ணீர் சுவரின் மறுபக்கத்துக்கும் போயிருந்தது. மூன்று தலைமுறையாக முகம் பார்க்கும்படி இருந்த முட்டைப் பூச்சு அங்கே உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. டைல் கடையில் பெட்டிக்குப் பத்து ரூபாய் பேரம் பேசிய நான், டைலின் பின்னால் என்ன பூசுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது முறை ஒரு மூத்த கொத்தனாரைக் கூட வைத்துக்கொண்டு பெரும்பாலான வேலையை நானே செய்தேன். அந்த அனுபவம்தான் இந்தக் கட்டுரை. சொந்தக் கையால் செய்ய நினைப்பவர்கள் முழுவதையும் படிக்கவேண்டும். ஆள் வைத்துச் செய்பவர்களுக்கு, எந்தெந்த வேளையில் வேறு வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதாவது தெரியும்.

தை பிறந்து பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் காயாது. சித்திரை, வைகாசியில் கலவை கையிலேயே காய்ந்துவிடும்.

சுவர் எந்தச் சுவர்?

பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. மேலே பல அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, கடைசி அடுக்கில் முட்டை வெண்கரு. இந்தச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றுப் பட்டால் வெளியே விட்டுவிடும். ஒரு பக்கத்தைச் சிமெண்டும் டைலும் கொண்டு அடைத்துவிட்டால், உள்ளே புகுந்த ஈரத்துக்கு மறுபக்கம் ஒன்றே வழி. வரும்போது சுவரில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். தவிர, சுண்ணாம்புப் பூச்சு டைலின் கனத்தைத் தாங்காது. அதன் மேல் சிமெண்டு பூசினால் கொஞ்ச நாளில் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். எனக்கு நடந்தது அதுதான்.

கொத்தனார் சுவரை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம் தம்பி. ஆனால் வேறு வைத்துவிடவேண்டும்.” நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைப்பது வழக்கம். ஈரத்துக்கும் அதே ஏற்பாடுதான்: பழைய சுவரைத் தொடாமல், ஒரு அங்குல இடைவெளி விட்டு, நாலரை அங்குலத்தில் புதிதாக ஒரு செங்கல் சுவர். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் டைல். குழாய்களும் இந்தப் புதுச் சுவருக்குள்ளேயே போய்விடும். பழைய சுவரில் உளி படாது. சுவருக்கு ஏறக்குறைய அரை அடி இடம் போகும், அதற்கு வருந்தவேண்டாம். இடைவெளியின் மேல்பகுதியை மூடாமல் காற்றுப் போகும்படி விட்டுவிடுங்கள்.

உங்களுடையது காரைக்குடியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடு என்றால் இந்தத் தொல்லை இல்லை. கரணைக் காம்பால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும் இடத்தை உடைத்து எடுத்துப் புதிதாகப் பூசுங்கள். பெயிண்ட் இருந்தால் அதையும் சுரண்டிக் கொத்துவிடவேண்டும். பெயிண்டின் மேல் ஒட்டிய டைல், பெயிண்டு இருக்கும்வரை மட்டும் இருக்கும்.

பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டு, நான்கு பங்கு பூச்சு மணல். ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்கவேண்டும், பிறகு நன்றாக உலரவிடவேண்டும். ஆறு அடி மட்டப்பலகையைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 3 மி.மீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் பூச்சிலேயே சரிசெய்துவிடுங்கள். கோணல் சுவரைப் பசையால் நிரவலாம் என்று நினைப்பவர்கள் அடுத்த வீட்டிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்கவேண்டாம்.

குழாய்

இதைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள், மூன்று விஷயம் மட்டும் உங்கள் பொறுப்பு. வெந்நீர் போகும் குழாய் சி.பி.வி.சி. என்கிற, சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயாக இருக்கவேண்டும். சுவரை மூடுவதற்கு முன் குழாய் முனைகளை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். மூன்றாவது, மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பத்து அடி உயரத்துத் தண்ணீர் 0.3 பார் அழுத்தம்தான் தரும். அதை வைத்துக்கொண்டு தாம்பாளம் அளவுக்கு மழை ஷவர் வாங்கி மாட்டினால் மழை வராது, தூவானம்தான் வரும். சின்னத் தலை போதும், அல்லது தனிப் பம்பு வைக்கவேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதை இப்போதே குறித்துவிடுங்கள். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி முதல் மூன்று அடி வரை சரியாக இருக்கும். அந்த இடத்தில் பொத்தல் செங்கல்லோ வெறும் பூச்சோ இல்லாமல் கெட்டியான செங்கல் வரும்படி பார்த்துக்கொள்ளவேண்டும்.

தரையும் வாட்டமும்

ஒரு அடிக்குக் கால் அங்குலம். தரை வாட்டத்துக்கு இந்த ஒரு கணக்கு போதும். வடிகால் நான்கு அடி தள்ளி இருந்தால் மறுமுனை ஒரு அங்குலம் உயர்ந்திருக்கும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் நிற்கும், கூடினால் ஈரக்கால் வழுக்கும். எங்கள் அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, “ஏன் அப்பச்சி இப்படிச் சாய்த்து வைத்திருக்கிறாய், நான் உருண்டு போய்விட மாட்டேனா?” என்று கேட்டார். ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். குமிழி கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை அவரே மூலையில் ஊற்றினார். அது நிதானமாக, எங்கும் நிற்காமல், வடிகாலுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

வடிகாலில் நஹானி ட்ராப் கட்டாயம். அதற்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நின்று நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும். ஷவர்ப் பகுதி வெளித்தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். முதியவர்கள் புழங்கும் இடத்தில் படிக்கட்டுபோல் மேடு கட்டவேண்டாம், இரவில் கால் இடறும்.

தண்ணீரைத் தடுப்பது எது?

டைல் தண்ணீரைத் தடுக்காது. டைலுக்கு நடுவில் உள்ள இடுக்கை நிரப்பும் கலவைக்குப் பெயர் கிரவுட். சாதாரண கிரவுட் சிமெண்டுதான், அது ஈரத்தை இழுக்கும். தடுப்பது டைலுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சு. குளியலறை வேலையில் இரண்டே நாள் எடுக்கும் இந்த வேலையைத்தான் அவசரத்தில் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

சிமெண்டுப் பொடியும் அக்ரிலிக் திரவமும் கலந்து பூசும் வகை எங்கும் கிடைக்கிறது. முதலில் தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக்குங்கள். கூர்மையான மூலையில் பூச்சு விரிசல் விடும். வளைவின் மேல் கண்ணாடியிழை வலையைப் பதித்து முதல் பூச்சை அடியுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையில் அடியுங்கள். முதல் பூச்சைக் கிடைவாட்டில் அடித்திருந்தால் அடுத்தது மேலிருந்து கீழ். ஷவர் நனைக்கும் சுவர் முழுவதும் ஆறரை அடி உயரம் வரை, மற்றச் சுவர்களில் ஒரு அடி வரை. குழாய் வெளிவரும் வாயைச் சுற்றியும், வடிகாலின் கழுத்துக்குள்ளும் தூரிகையைக் குத்திக் குத்திப் பூசவேண்டும். ஒழுகல் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் பிறக்கிறது.

பூச்சு மூன்று நாள் ஆறட்டும். பிறகு வடிகாலைத் துணிப்பந்தால் அடைத்து, வாசலில் தற்காலிகமாக ஒரு வரிசைச் செங்கல் வைத்துப் பூசி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். 24 மணி நேரம், முடிந்தால் 48. இங்கே ஒரு சிக்கல்: நம் ஊர் வெயிலில் தண்ணீர் தானாகவே குறையும், ஒழுகியதா ஆவியானதா என்று தெரியாது. கொத்தனார் அதற்கு ஒரு வழி செய்தார். அகலமான பழைய பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதிலும் கோடு போட்டு, அதே அறையில் வைத்தார். மறுநாள் இரண்டு கோட்டிலும் குறைந்தது ஒரே அளவு என்றால் வெயில் குடித்தது. தரையில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. மாடிக் குளியலறையாக இருந்தால் கீழ் அறைக் கூரையையும் போய்ப் பாருங்கள். இந்தச் சோதனை முடியும்வரை டைல் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

என்ன டைல், எத்தனை?

நான் முதலில் ஆசைப்பட்டது ஆத்தங்குடிக் கல். பக்கத்து ஊரில் கிடைப்பதை விட்டுவிட்டு வேறு எதையோ ஒட்டுவதா என்று மனம் கேட்கவில்லை. ஆத்தங்குடிக்கே போய், பட்டறையில் நின்று பார்த்த பிறகு மனம் மாறியது. கண்ணாடிப் பலகையின் மேல் உலோகச் சட்டத்தை வைக்கிறார்கள். சட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சட்டத்தைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன் முதுகில் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே சாந்தைப் போட்டு மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மேலே பீங்கான் பூச்சு எதுவும் இல்லை. ஆகையால் அந்தக் கல் ஈரத்தை இழுக்கும்.

இப்போது வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணெய் ஊறும். சீயக்காய் புளிப்புத்தன்மை உள்ளது, சிமெண்டு நிறத்தை மெல்ல அரிக்கும். மஞ்சள் சிமெண்டில் பட்டால் சுண்ணாம்போடு சேர்ந்ததுபோல் சிவந்து கறையாக நிற்கும். ஷவருக்குள் ஆத்தங்குடிக் கல் போட்டால் ஒரே வருடத்தில் பூ எது, கறை எது என்று சொல்ல முடியாது. அதனால் அதை ஷவருக்கு வெளியே, உடை மாற்றும் இடத்தில் போட்டேன். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க அங்கே அது மெருகேறுகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கல் சாதாரண டைலைவிடத் தடிமன் அதிகம். இரண்டின் மேல்மட்டமும் சேரும்படி அடித்தளத்தை முன்கூட்டியே தாழ்த்தி வைக்கவேண்டும்.

ஷவருக்குள் சுவருக்கு செராமிக், தரைக்கு வழுக்காத விட்ரிஃபைட். தரைக்குச் சின்ன டைலாக வாங்குங்கள். ஒரு அடிச் சதுரமோ அதைவிடச் சிறியதோ இருந்தால்தான் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இடைக்கோடுகளும் காலுக்குப் பிடிப்புத் தரும். கடையில் டைலை நனைத்து, உள்ளங்கையில் எண்ணெய் தடவித் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

கணக்கு: மூன்றுக்கு நான்கு அடி ஷவர், மூன்று பக்கம் சுவர், ஏழு அடி உயரம். 3 + 4 + 3 = 10 அடி, ஏழால் பெருக்கினால் 70 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்குப் பத்துக் கூட்டினால் 77. ஒன்றுக்கு இரண்டு அடி டைல் என்றால் 39. தரைக்கு 12 சதுர அடி, வாங்குவது 14. பசை 20 கிலோப் பையில் இரண்டு. எல்லாப் பெட்டியிலும் தொகுப்பு எண்ணும் நிற எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

ஒட்டுதல்

விட்ரிஃபைட் டைல் தண்ணீரைக் குடிக்காது, அதனால் வெறும் சிமெண்டுப் பாலில் பிடிக்காது. டைல் பசைதான் வேண்டும். சுவர் டைலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும், ஈரமான இடத்துக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கவேண்டும்.

முதலில் ஒட்டாமலே அடுக்கிப் பாருங்கள். சுவரின் நடுவில் தூக்குக்குண்டு விட்டு ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் டைல்களை எண்ணினால், மூலையில் எவ்வளவு துண்டு விழும் என்று தெரியும். அரை டைலுக்குக் குறைவாக வந்தால் நடுக்கோட்டை அரை டைல் நகர்த்துங்கள். இரண்டு விரல் அகலத் துண்டு மூலையில் நின்றால் ஆயுள் முழுவதும் கண்ணை உறுத்தும்.

அடிவரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்கவேண்டும். தரை வாட்டமாக இருப்பதால் அதன் மேல் முதல் வரிசையை உட்காரவைத்தால் மேலே போகப் போகக் கோணும். ரசமட்டம் பார்த்து ஒரு நேரான மரச்சட்டத்தைச் சுவரில் அடித்து, அதன் மேல் டைலை நிறுத்துங்கள். மேல் சுவர் முடிந்த பிறகு தரை. தரை காய்ந்த பிறகு சட்டத்தை எடுத்துவிட்டு அடிவரிசையை வாட்டத்துக்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டலாம். சுவரில் வழியும் தண்ணீர் தரை டைலின் மேல் வந்து விழும், இடுக்கில் இறங்காது.

கலக்கும்போது வாளியில் தண்ணீர் முதலில், பொடி பிறகு. கட்டியில்லாமல் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். ஒரே நேரத்தில் கால் பைக்கு மேல் கலக்கவேண்டாம். பங்குனி மத்தியானத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சுடும், பசை சீக்கிரம் இறுகிவிடும். நான் காலையிலேயே கிணற்றில் இறைத்து நிழலில் வைத்துக்கொண்டேன்.

டைலின் முதுகில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை பொடியைத்தான் பிடிக்கும். பசையைச் சுவரில் கரணையின் நேர்ப்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, பிறகு பல் வைத்த பக்கத்தால் ஒரே திசையில் கோடு இழுக்கவேண்டும், உழவுச் சால்போல. ஒன்றுக்கு இரண்டு அடி டைலுக்கு 8 முதல் 10 மி.மீ. பல். டைலின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. டைலை வைத்து, சாலுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் சால்கள் சரிந்து காற்று வெளியேறும். ஒரு தடவையில் இரண்டு மூன்று டைலுக்கான இடத்துக்கு மட்டும் பூசுங்கள். பசையை விரலால் தொட்டால் விரலில் ஒட்டவேண்டும். ஒட்டாமல் ஆடை கட்டியிருந்தால் வழித்து எறியுங்கள், தண்ணீர் தெளித்துப் புதுப்பிக்கப் பார்க்கக் கூடாது.

பத்து டைலுக்கு ஒன்றை, ஒட்டிய உடனே பிடுங்கிப் பாருங்கள். முதுகில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது பசை பரவியிருக்கவேண்டும், மூலைகளில் முழுவதும். ஆள் வைத்துச் செய்தால் இந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்கவேண்டும். “பிடுங்கிக் காட்டுங்கள் அண்ணே” என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ கேட்காமலே பிடுங்கிக் காட்டினார்.

டைலுக்கு டைல் இடைவெளி ஒரே அளவாக வர நடுவில் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் (சின்னப் பிளாஸ்டிக் துண்டு) வையுங்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ரசமட்டம். குழாய்த் துளைக்கு வைரத்தூள் பதித்த துளைப்பான், தண்ணீர் விட்டு நிதானமாக. அறுக்கும் இயந்திரத்தைப் பிடிக்கும்போது முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், இயந்திரத்தின் மின்சாரம் இ.எல்.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வழியாக வரட்டும். ஈரத்தரையில் நின்றுகொண்டு மின்கருவியைப் பிடிக்கிறோம்.

கிரவுட்

ஒரு நாள் கழித்து ஸ்பேசரைப் பிடுங்கி, இடுக்கில் பிதுங்கிய பசையைச் சுரண்டிவிட்டுத் தொடங்கலாம். ரப்பர்ப் பலகையால் மூலைவிட்டமாக இழுத்து நிரப்புங்கள். நேராக இழுத்தால் பலகையின் விளிம்பு இடுக்கில் உள்ளதை வழித்து எடுத்துவிடும். கால் மணி நேரம் கழித்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள்.

வெள்ளைச் சிமெண்டு கிரவுட்டை மஞ்சள் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் போடவேண்டாம். முன்பு சொன்ன அதே சிவப்புக் கறை ஏறும். சாம்பல் நிறம் போடுங்கள், கையில் காசு இருந்தால் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் போடுங்கள். எபாக்சி கறை பிடிக்காது, ஆனால் வெயில் காலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் இறுகும். ஒரு கைப்பிடி கலந்து, ஒரு சதுர கஜம் முடித்து, துடைத்துவிட்டுத்தான் அடுத்த கைப்பிடி. டைலின் மேல் படலம் தங்கிவிட்டால் பிறகு உளிதான்.

சுவரும் சுவரும் சேரும் மூலையிலும், சுவரும் தரையும் சேரும் இடத்திலும் கிரவுட் வேண்டாம். இரண்டு பரப்பும் வெயிலுக்கும் வெந்நீருக்கும் தனித்தனியாக அசையும், கிரவுட் விரிசல் விட்டுவிடும். அங்கே பூஞ்சை பிடிக்காத குளியலறை சிலிக்கோன். இரண்டு பக்கமும் தாள் நாடா ஒட்டி, சிலிக்கோனை இழுத்து, ஈர விரலால் தடவி, காய்வதற்கு முன் நாடாவை உரித்தால் கோடு சுத்தமாக வரும். கைப்பிடிக் கம்பியின் துளைக்குள்ளும் கொஞ்சம் சிலிக்கோன் அடைத்துவிட்டுத் திருகுங்கள்.

மூன்று நாள் யாரையும் குளிக்க விடாதீர்கள். எபாக்சி என்றால் ஏழு நாள்.

சுத்தம் செய்ய ஆசிட் வேண்டவே வேண்டாம், கிரவுட்டை அது தின்றுவிடும். சோப்புத் தண்ணீரும் தென்னங்குச்சித் துடைப்பமும் போதும். சீயக்காய்ச் சக்கை அடைக்காமல் இருக்க வடிகாலின் மேல் ஒரு சல்லடை வைத்தோம், முழுக்கு முடிந்ததும் அதைத் தட்டிவிடுவது பேரப்பிள்ளைகளின் வேலை.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றைப் போல எங்கள் வீடும் திருவிழா, கல்யாணம் முடிந்ததும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ட்ராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் அதற்குள் வற்றிப்போய், அடுத்த முறை கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம்தான் வரவேற்கும். பூட்டுவதற்கு முன் ட்ராப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சாவி எங்கள் எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை விளக்கேற்ற வரும்போது அவரே ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்.